கரண்ட் வேண்டாத பெல்லட் அடுப்பு: சென்னை வீட்டுக்குச் சரிப்படுமா?

பெல்லட் அடுப்பைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கரண்டைப் பற்றித்தான். கரண்ட் இல்லாமல் எரியுமா, எத்தனை வாட் இழுக்கும், இன்வெர்ட்டரில் ஓடுமா. சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் தப்பே இல்லை, 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துவிட்டுப் போனபின் பல பேட்டைகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனால் இந்த அடுப்பில் சுலபமாகத் தீர்ந்துவிடும் விஷயமே கரண்ட்தான். தீராதவை வேறு: பெல்லட்டை ஈரம் படாமல் எங்கே வைப்பது, புகை எந்த வழியாகப் போகும், காலையில் கால் லிட்டர் பால் காய்ச்ச இதைப் பற்றவைக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது.

பெல்லட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தூள், வேர்க்கடலை ஓடு, கரும்புச் சக்கை, உமி மாதிரியான கழிவை நன்றாக அரைத்து, துளை போட்ட கனமான இரும்பு அச்சு வழியாக அழுத்திப் பிதுக்கினால் வரும் குட்டிக் குச்சிகள். 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன். மாட்டுத் தீவனக் கடையில் மூட்டையில் இருக்கும் குச்சித் தீவனம் மாதிரியே இருக்கும், செய்கிற மெஷினும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். நல்ல மர பெல்லட்டில் பசை எதுவும் பெரிதாகச் சேர்ப்பதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி, ஆறும்போது தானே பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கேள்வியை இந்த முறை கிளப்பியது மடிப்பாக்கம் சித்தப்பா. அவர் பெண் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே பெல்லட் அடுப்பு என்பது சமையலுக்கு இல்லை, பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க. கூடத்தில் ஒரு பீரோவின் பாதி உயரத்துக்கு நிற்கும். அதற்குள் பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும் திருகுத்தண்டு, அதற்கு ஒரு மோட்டார், எரிவதற்குக் காற்று தர ஒரு ஊதுவிசிறி, சூட்டை அறைக்குள் தள்ள இன்னொரு விசிறி, பற்றவைக்க ஒரு சூட்டுக்கம்பி, இதையெல்லாம் மேய்க்க ஒரு எலக்ட்ரானிக் போர்டு. ஓடும்போது சுமார் 100 வாட், பற்றும் அந்தச் சில நிமிஷங்களுக்கு மட்டும் 300, 400 வாட். அதிகம் இல்லை. ஆனால் பனிப்புயலில் மரம் முறிந்து ஒயர் மேல் விழுந்து கரண்ட் போகும் அன்றைக்குத்தான் சூடு ரொம்பத் தேவை, அன்றைக்குத்தான் இது நின்றுபோகும், விசிறி நின்றதும் உள்ளே மிச்சமிருக்கும் பெல்லட் கனன்று கொஞ்சம் புகையும் அறைக்குள் வரலாம்.

அதனால் அங்கே கரண்டே இல்லாத வகை ஒன்று விற்கிறார்கள். பெல்லட் தொட்டி மேலே இருக்கும், சரிவான பாதை வழியாகத் தன் எடையிலேயே பெல்லட் தீத்தட்டுக்கு இறங்கும். கீழே எரிந்து இடம் காலியாகக் காலியாக மேலிருந்து சரிந்துகொண்டே வரும். காற்றை இழுப்பது புகைக்குழாய்: உள்ளே இருக்கும் சூடான காற்று லேசு, அது மேலே ஏறும்போது கீழே இருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது, குழாய் எவ்வளவு உயரமோ எவ்வளவு சூடோ அவ்வளவு இழுப்பு. மோட்டார் இல்லை, போர்டு இல்லை, ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டாம். பதிலுக்கு வேறு தொல்லைகள் உண்டு. தெர்மோஸ்டாட் கிடையாது, சூட்டைக் கூட்டக் குறைக்க ஒரு தகட்டை நகர்த்த வேண்டும். பெல்லட்டில் தூள் அதிகமாக இருந்தால் சரிவில் அடைத்துக்கொள்ளும். தட்டில் சாம்பல் சேரச் சேர இழுப்பு மந்தமாகும், ஆகவே அடிக்கடி கிளறிவிட வேண்டும். பற்றவைப்பதும் கையால்தான்.

சித்தப்பா பார்த்தது இந்த வகை வீடியோவைத்தான். "கரண்டே வேணாமாம்டா, நமக்கும் ஒண்ணு வாங்கிப் போட்ரலாமா?" என்றார். மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மங்கி குல்லா போட்டுக்கொள்ளும் ஊரில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு எதற்கு, சித்தப்பா? அவருக்கு வேண்டியது அது இல்லை என்று எனக்கும் தெரியும். அவர் வீட்டுப் பக்கம் 2015 வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, தெருவில் தண்ணீர் நின்று, கரண்ட் போய், சிலிண்டர் வண்டி உள்ளே வர முடியாமல் இருந்தது. அந்த மாதிரி நாளில் நம்பி ஒரு குழம்பு வைக்க ஏதாவது இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி. அது நியாயமான கேள்வி.

சமையலுக்கு உகந்தது, மேலே பற்றவைத்துக் கீழ்நோக்கி எரியும் வகை. ஸ்டீல் உருளை ஒன்று, அடியில் துளைகள், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொரு வரிசைத் துளைகள், சுற்றிலும் ஒரு வெளிக்கூடு. உருளையில் முக்கால் பாகம் பெல்லட் கொட்டி, மேல்பரப்பில் தீ வைக்க வேண்டும். அடியிலிருந்து கொஞ்சமாகத்தான் காற்று வருகிறது, அந்தக் காற்றில் பெல்லட் முழுசாக எரிவதில்லை, கருகி வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயு மேலே ஏறி, விளிம்புத் துளைகளில் வரும் சூடான காற்றோடு கலந்து அங்கே எரிகிறது. கருகும் அடுக்கு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், மேலே கரி தங்கும். புகையாக வெளியே போயிருக்க வேண்டியதுதான் இங்கே சுடராகிறது. இந்த வழியை 1985-இல் அமெரிக்காவில் தாமஸ் ரீட் தொடங்கிவைத்தார். உகாண்டாவில் வேலை பார்த்த நார்வேக்காரர் பால் வென்டெல்போ தனியாக ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு இதில் ஊறிப்போன பால் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் வடிவமைத்த சாம்பியன் என்ற மாடலைச் சென்னையில் இருக்கும் சர்வல்ஸ் நிறுவனமே செய்து விற்றது. ஆக இது நமக்குப் புதுசான சரக்கு இல்லை.

இன்னும் பின்னால் போனால் மரத்தூள் அடுப்பு இருக்கிறது. பெரம்பூரில் பெரியம்மா வீட்டில் பார்த்திருக்கிறேன். பழைய தகர டின், பக்கவாட்டில் அடியில் ஒரு ஓட்டை. நடுவில் பாட்டிலை நிற்கவைத்து, ஓட்டை வழியாக ஒரு கட்டையை அந்தப் பாட்டில் வரைக்கும் செருகி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு நன்றாகக் குத்திக் கெட்டித்து, பிறகு பாட்டிலையும் கட்டையையும் திருகி உருவினால் உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி கிடைக்கும். அடியில் பற்றவைத்தால் உட்சுவர் மெல்ல எரிந்து நாலைந்து மணி நேரம் ஒரே சீராக நிற்கும். கரண்டும் இல்லை, காசும் கிட்டத்தட்ட இல்லை, மர மில்லில் மூட்டை மூட்டையாகத் தூள் கிடைத்தது. பெரியம்மா அதில் இட்லியிலிருந்து வெந்நீர் வரை எல்லாம் முடிப்பார். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் தூள் நமுத்துப் போய் வீடு முழுக்கப் புகை. பெல்லட் என்பது அந்தத் தூளையே கெட்டித்து, சுத்தமாக்கி, அளந்து போட வசதியாக்கிய ஏற்பாடு. நமுத்துப் போகும் குணம் மட்டும் அப்படியே கூட வந்துவிட்டது.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஊர்ஜா அடுப்பு சிலருக்கு நினைவிருக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தா குழு வடிவமைத்தது, பிபி எண்ணெய் நிறுவனம் 2006 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது, தமிழ்நாட்டிலும் விற்றார்கள், மொத்தம் நான்கு லட்சத்துக்கும் மேல் போனது. சின்ன ஃபேன், அதற்கு சார்ஜ் ஏற்றும் பேட்டரி, சுடர் நீலமும் மஞ்சளுமாக அழகாக நிற்கும். அடுப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. அடிபட்டது பெல்லட்டில். வேளாண் கழிவுக்கு மற்றவர்களும் போட்டி போட ஆரம்பித்ததும் விலை ஏறியது, ஏறியதும் வாங்கியவர்கள் பழையபடி விறகுக்கும் கேஸுக்கும் திரும்பினார்கள், பிபி வெளியேறி, வியாபாரத்தை எடுத்துக்கொண்ட புனே நிறுவனம் ஹோட்டல், கேன்டீன் பக்கம் போய்விட்டது. பிறகு அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. லாரி லாரியாக வாங்குகிறவர்கள் இருக்கும்போது உங்களுக்கும் எனக்கும் பத்துக் கிலோ மூட்டை கட்டித்தர எந்த மில்லுக்கு அக்கறை?

அதனால் அடுப்பு வாங்கும் முன் பெல்லட் கிடைக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

சரி, இப்போது கரண்டுக்கு வருவோம். ஃபேன் வைத்த சமையல் பெல்லட் அடுப்பு வீட்டு அளவில் ஒன்று, ஒன்றரை வாட்தான் இழுக்கும். மொபைல் சார்ஜ் ஆக எடுப்பதைவிடக் குறைவு. 10,000 மில்லிஆம்பியர் பவர் பேங்க் ஒன்று கையில் இருந்தால், நஷ்டமெல்லாம் போக 25 வாட் மணி கிடைத்தாலும், 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அந்த ஃபேன் சுற்றும். புயல் நாளில் தினமும் இரண்டு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம் சமைத்தால் ஒரு வாரம் தள்ளலாம். ஆகவே கரண்டே வேண்டாத அடுப்புக்கு நம் ஊரில் பெரிய மவுசு தரத் தேவையில்லை, கம்பத்தில் வரும் கரண்ட் வேண்டாம் என்றால் போதும். இண்டக்ஷன் அடுப்போடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு சின்னது என்று புரியும்: அது 1,500, 2,000 வாட் கேட்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தொடக்கூட முடியாது. அடுப்புச் சூட்டிலேயே கரண்ட் எடுத்து ஃபேனை ஓட்டும் வகையும் உண்டு, வேலை செய்யும், ஆனால் அந்தப் பாகத்துக்குக் கொடுக்கும் காசில் நாலு பவர் பேங்க் வாங்கலாம்.

ஃபேன் இல்லாததும் எரியும், எரியாமல் இல்லை. விறகுத்துண்டு, கொட்டாங்கச்சிச் சில்லு இதெல்லாம் போட்டால் நடுவே இடைவெளி இருக்கும், காற்று தாராளமாகப் போகும். பெல்லட் நெருக்கமாகப் படுத்துக்கொள்ளும், காற்றுக்குச் சந்து கம்மி. அதனால் ஃபேன் இல்லாத மாடலில் பெல்லட் போடுவதானால் அடித்துளைகள் பெரிசாக இருக்க வேண்டும், சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்காவது குழாய் மாதிரி எழும்பியிருக்க வேண்டும், உருளையைத் தளும்ப நிரப்பவும் கூடாது. இந்திய தர நிர்ணய அமைப்பின் 2013-ஆம் ஆண்டுத் தரக்குறிப்பிலேயே, ஐஎஸ் 13152 என்று பெயர், இந்த வித்தியாசம் தெரியும்: ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தபட்ச வெப்பத் திறன் 25 சதவீதம், ஃபேன் உள்ளதற்கு 35. பாத்திரத்துக்குப் போய்ச்சேரும் ஒவ்வொரு மெகாஜூல் சூட்டுக்கும் புகைத்தூசு 350 மில்லிகிராம் வரை ஃபேன் இல்லாதது விடலாம், ஃபேன் உள்ளது 150 வரைதான். பாதிக்கும் கீழே. இவ்வளவுக்கும் காரணம் ஒன்றரை வாட் ஃபேன். அதனால்தான் ஃபேன் இல்லாததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, ஃபேன் கெட்டாலும் ஓரளவு எரிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன்.

எங்கள் வீடு கொளத்தூரில், தனி வீடு, மொட்டை மாடியில் பாதிக்கு ஷீட் போட்டிருக்கிறது. அங்கேதான் இந்த அடுப்புப் புழக்கம். பற்றவைக்க மேலே இரண்டு கற்பூரமும் கொஞ்சம் தேங்காய் நாரும் போதும். முதல் சில நிமிஷம் புகையும், சுடர் விளிம்பில் பிடித்துக்கொண்டதும் நின்றுவிடும். ஒரு கிலோ பெல்லட் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். சாதம் வடித்து, சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்து, குளிக்க ஒரு அண்டா வெந்நீர் போடுவது வரைக்கும் பிரமாதம். நான்வெஜ் குழம்பு, பிரியாணி மாதிரி பெரிய பாத்திரச் சமையலுக்கு இன்னும் நல்லது. தாளிப்பதற்கு, தோசைக்கு, காபிக்கு வேண்டாம். தீயைச் சட்டென்று குறைக்கவோ கூட்டவோ வராது, ஃபேன் வேகத்தைக் குறைத்தால் அது புரிந்துகொண்டு அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் தோசை கருகியிருக்கும். குக்கர் வைத்தால் மூன்று விசிலுக்கு அப்புறம் அடுப்பைச் சின்னதாக்க முடியாமல் குக்கரைத்தான் இறக்கி வைக்க வேண்டும்.

பெரிய சங்கடம், நடுவில் பெல்லட் போட முடியாது. கறி பாதி வெந்து தீ அடங்கப் பார்க்கிறது என்று மேலே ஒரு கை அள்ளிப் போட்டால் சுடர் அணைந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் பண்ணிப் போட வேண்டும். என் மனைவிக்கு இது வெறுப்பான விஷயம், கேஸ் அடுப்பில் கை பழகியவர் யாருக்கும் அப்படித்தான். எரிந்து முடிந்ததும் கரி மிஞ்சும். அதை மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி மூடினால் அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அந்தக் கரி அருமை, மாடித் தொட்டிச் செடிக்குப் பொடித்தும் போடலாம். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காமல் இருக்க எங்கள் பாட்டி செய்த வேலைதான்: அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்பக்கம் ஈர மண்ணோ சோப்போ பூசிவிட்டால் தேய்க்கும்போது வழித்துக்கொண்டு வந்துவிடும். ஃபேன் வகையில் கரி கம்மி, இல்லவே இல்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனிமேல் ஈரம். சென்னைக் காற்றில் உப்பு பாக்கெட்டைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். பெல்லட் அதைவிட மோசம், அதற்குத் தண்ணீர் என்றால் ஆகவே ஆகாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பெல்லட்டைப் போட்டுப் பாருங்கள், நல்ல பெல்லட் முதலில் மூழ்கும், கொஞ்ச நேரத்தில் வீங்கிப் பிரிந்து பழையபடி மரத்தூளாகிவிடும். காய வைத்தாலும் பெல்லட்டாகத் திரும்பாது. வெள்ளம் வந்து மூட்டையின் அடி நனைந்தால் அந்த மூட்டை போச்சு. அவ்வளவு கூட வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் பிளாஸ்டிக் சாக்கில் சும்மா கட்டி வைத்தாலே ஓரம் உதிர ஆரம்பிக்கும், எரியும்போது புகையும் கூடும். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எந்த மழைக்காக இதை வாங்குகிறோமோ அந்த மழைதான் இதைக் கெடுக்கும். இந்த முரண்பாட்டைத் தாண்டாமல் கரண்ட் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக்கும் மூடி போட்ட நீல டிரம் ஒன்றே வழி. 200 லிட்டர் டிரம்மில் சுமார் 120 கிலோ பிடிக்கும். தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

காசுக் கணக்கு. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூடு சுமார் 650 மெகாஜூல், கேஸ் அடுப்பில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்தால் 390. பெல்லட் கிலோவுக்கு 16 மெகாஜூல், ஃபேன் இல்லாத அடுப்பில் 30 சதவீதம் தேறினாலும் கிலோவுக்கு 5-க்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு சிலிண்டருக்கு ஈடாக 80 கிலோ பெல்லட். நல்ல ஃபேன் அடுப்பானால் 65 கிலோ. உங்கள் சிலிண்டர் விலையை 80-ஆல் வகுத்துப் பாருங்கள், 880 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 11 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் சரிக்குச் சரி. டன் கணக்கில் மில்லில் எடுப்பவருக்கு இது வேறு கணக்கு, வீட்டுக்குச் சில்லறையாக, வண்டி வாடகையும் சேர்த்து என்னிடம் சொன்ன விலை எதுவும் அந்தப் பக்கமே வரவில்லை. கல்யாண மண்டபங்களும் மெஸ்களும் பெல்லட்டுக்கு மாறுவதற்குக் காரணம் அவர்கள் வாங்குவது 19 கிலோ வணிக சிலிண்டர், அதன் விலை வேறே, பெல்லட்டும் டன்னில் இறங்குகிறது, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார். அவர்களைப் பார்த்து நாமும் மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்கினால் மிச்சமாகாது.

அப்புறம், ஃப்ளாட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சுடர் சுத்தமாகத் தெரிகிறதே என்று தோன்றும். பற்றும்போதும் அணையும்போதும் வரும் புகை ஒரு பக்கம், அதைவிடக் கவலை தருவது கடைசியில் கரி கனலும் கட்டம். அப்போது புகையே தெரியாது, வாசனையும் இருக்காது, கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். மழைக்காக ஜன்னலைச் சாத்திய அறையில் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி குளிர்ப்பிரதேசங்களிலிருந்து வருஷா வருஷம் வருகிறது. சிம்னி எக்ஸாஸ்ட்டை நம்பலாமே என்றால் அது கரண்டில் ஓடுவது, கரண்ட் இல்லாத நாளுக்காகத்தானே அடுப்பு. பால்கனி பரவாயில்லை, ஆனால் மேல் வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார். மொட்டை மாடி என்றால் சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கும், புயல் காற்றில் அங்கே நின்று சமைக்கவும் முடியாது. படிக்கட்டு ஏறி முடிகிற இடத்தில் மேலே மூடி, இரண்டு பக்கம் திறந்திருக்கும் இடம் இருந்தால் அதுதான் உள்ளதில் உத்தமம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அப்ப வேணாங்கிறியா?" என்றார். அவர் வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். மூன்றாவது மாடி ஃப்ளாட், இரண்டே பேர். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் தேவையே இல்லை, லைட்டர் போதும். அவருக்குக் கை கொடுக்கப்போவது இரண்டாவது சிலிண்டர் இணைப்பு, அது இல்லையென்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று, ஐப்பசி பிறக்கும் முன் நிரப்பி வைத்திருப்பது. தண்ணீர் ஏறும் தெருவில் மூன்று, நாலு நாள் தாங்க அதைவிடச் சுலபமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. முழுக்க இண்டக்ஷனுக்கு மாறிவிட்டு கேஸ் இணைப்பையே விட்டவர்கள் நிலைமை வேறு, அவர்களும் தனி வீட்டில் இருந்து மேலே ஷீட் இருந்தால் பெல்லட் அடுப்பை யோசிக்கலாம்.

இதே கேள்வியை ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும் அத்தை கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். தினமும் வெந்நீருக்கும் மாட்டுக்குக் கஞ்சிக்கும் வேலிக்காத்தான் விறகை எரித்துக்கொண்டிருக்கிறார், கண்ணெரிச்சல், இருமல். பின்கட்டில் ஓடு போட்ட இடம் இருக்கிறது, பக்கத்திலேயே மர மில்லும் இருக்கிறது. விறகோடு ஒப்பிடும்போது இந்த அடுப்பு ஜெயிக்கும், கேஸோடு ஒப்பிடும்போதுதான் தோற்கும். பெல்லட் கிடைக்காத மாதம் அதே அடுப்பில் சவுக்குச் சில்லையும் கொட்டாங்கச்சியையும் நறுக்கிப் போட்டுக்கொள்ளவும் முடியும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு, விற்பவரிடம் கேட்க வேண்டியவை. பெல்லட் எதில் செய்தது, சாம்பல் எத்தனை சதவீதம். மரத்தூள் என்றால் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், உமி கலந்திருந்தால் பதினைந்துக்கும் மேல் போகும், அவ்வளவு சாம்பல் சேர்ந்தால் அடித்துளையை அடைக்கும். பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூளில் செய்தது என்றால் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் பசை எரிந்தால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது. மூட்டையைத் தூக்கிக் குலுக்கி அடியில் எவ்வளவு தூள் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபேன் யுஎஸ்பி ஒயரில் ஓடுமா, தனி பேட்டரி மட்டும்தானா, அந்த ஃபேன் தனியாக உதிரிப் பாகமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அடுப்பை மட்டும் விற்றுவிட்டு பெல்லட்டுக்கு வேறு யாரையோ கைகாட்டுபவர் என்றால், அந்த வேறு யாரோவுக்கு முதலில் போன் போட்டு ஒரு மூட்டை வரவழைத்து, அது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு அடுப்புக்குக் காசு கொடுங்கள்.